அவைக்களமும் நம் மாணவரும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் கேட்டபொழுது, கம்பம் பள்ளத்தாக்கில் நம் மக்கள் பள்ளிக்கூடம் கண்ட வரலாற்றையே எழுதுவதென எண்ணியிருந்தேன். அதற்கிடையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று என் எண்ணத்தை மாற்றிற்று. வணிகவியல் இறுதியாண்டு பயிலும் நம் மாணவர் ஒருவர் அழைப்பிதழ் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என் இல்லத்திற்கு வந்தார். தொழில்முனைவோரும், கணக்காயரும், வங்கி அலுவலரும் மதுரையில் கூடிப் பேசிப் பழகும் தொழில் தொடர்புக் கூட்டம் அது. இக்காலத்து இளைஞர் இதனை ‘நெட்வொர்க்கிங்’ என்பர். அவர் பயிலும் கல்லூரியிலிருந்து சிலரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகின்றனர். அவர்களுள் இவரும் ஒருவர். மகிழ்ந்து பாராட்டினேன். மாணவரோ முகம் வாடி, “அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாதுங்கய்யா, போயி எங்க நிக்கிறது?” என்று கேட்டார்.

“எங்கே நிற்பது?” என்னும் அவ்வினா எளியதன்று. அதற்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை எழுதுவதே தக்கதென்று துணிந்தேன்.

நம் பள்ளத்தாக்கில் அறிமுகமில்லாத இருவர் சந்தித்தால் முதல் வினா, “தம்பிக்கு எந்த ஊரு?” என்பது. இதில் குற்றமில்லை. “ஊரில் எந்தப் பக்கம்?” என்பது இரண்டாம் வினா. மூன்றாம் வினாவிற்குப் பெரும்பாலும் தேவை இராது. தெருவின் பெயரே சாதியின் பெயராக நிற்கும் நாட்டில், கைகுலுக்க நீட்டிய கை பாதி வழியில் நின்றுவிடுவதை நம்முள் பலர் கண்டிருக்கின்றோம். ஆதலால் கற்ற இளைஞன் அவைக்குச் செல்ல அஞ்சுவது கூச்சத்தினால் மட்டும் என எண்ணுதல் பிழை. பிறர் வினவுமுன் விலகிவிடுதல் என்னும் தற்காப்பு அது. அத்தற்காப்பை நமக்கு முன்னே கைக்கொண்டவர் யார் என்று நோக்கினால் வியப்பே மிஞ்சும்.

இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1939-ஆம் ஆண்டில் தம் வாழ்க்கை வரலாற்றைச் சிறு நூலாக வெளியிட்டார். கோயம்புத்தூரில் பயின்ற நாள்களைப்பற்றி அதில் அவர் எழுதியிருப்பதை நம் மாணவர் ஒவ்வொருவரும் படித்தல் வேண்டும். அக்கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவர் பயின்றனர். பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். பிறரோடு நட்புக்கொண்டால் தம் சாதி, குடும்பம், இருப்பிடம் ஆகியவை வெளிப்பட்டுவிடும், பின்னர்த் தாழ்வாக நடத்துவர் என்று அஞ்சினார் அவர். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்கேனும் ஓரிடத்தில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பறைக்குள் நுழைவார். வகுப்புக் கலைந்ததும் பிற மாணவர் தம்மை எட்டிவிடாதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். உடன் பயின்றோருடன் கூடி விளையாட இயலாமற் போனதை எண்ணி மனம் வருந்தியதாகவும் குறிக்கின்றார்.

கல்வி நமக்கு அறிவைத் தருகிறது என்போம். கல்லூரி தருவது அறிவு மட்டுமன்று. உடன் பயின்ற நண்பரையும் தருகிறது. பின்னாளில் அவர்களுள் ஒருவர் வழக்கறிஞராவார், ஒருவர் வங்கி மேலாளராவார், ஒருவர் ஆலை வைப்பார். ‘அவனும் நானும் ஒரே வகுப்பு’ என்னும் ஒரு சொல் திறக்கும் கதவுகளுக்குக் கணக்கில்லை. சீனிவாசனாருக்குக் கோயம்புத்தூர் கல்வியைத் தந்தது, நட்பைத் தரவில்லை. இவ்விழப்பு எந்தச் சான்றிதழிலும் எழுதப்படுவதில்லை. ஆகவே இதனை ஈடுசெய்வது பற்றி எவரும் பேசுவதுமில்லை.

அவ்வாறு வகுப்பறையிலிருந்து விரைந்து வெளியேறியவர் பிற்காலத்தில் என்ன செய்தார்? நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிலையங்களில் கணக்கராகப் பணியாற்றி, 1890-இல் சென்னைக்கு வந்து, 1891-இல் பறையர் மகாசன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில் நான்கு பக்கங்களோடு இரண்டணா விலையில் ‘பறையன்’ என்னும் இதழை வெளியிட்டார். எப்பெயர் வெளிப்படுமென அஞ்சி மணி அடிக்கும்வரை ஒதுங்கி நின்றாரோ, அப்பெயரையே இதழின் தலைப்பாக அச்சிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் சென்னையில் பெருங்கூட்டம் கூட்டி, 3,412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள விண்ணப்பம் ஒன்றை இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினார். இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தோடு இந்தியாவிலும் நடத்தவேண்டுமென்ற கோரிக்கையை எதிர்த்து எழுந்த விண்ணப்பம் அது. இன்று படிப்போருக்கு இவ்வெதிர்ப்பு வியப்பளிக்கலாம். அதிகாரம் முழுதும் ஒரு சாராரின் அவைக்குள் அடங்கிவிட்டால் நம் மக்கள் எவரிடம் முறையிடுவது என்பதே அவருடைய கவலை. அவர் முடிவை ஏற்கலாம், மறுக்கலாம்; அக்கவலையைப் பொய்யென்று சொல்ல என்னால் இயலவில்லை.

அவைக்குள் நுழைந்தே தீர்வதெனச் சென்றவர் பண்டிதர் அயோத்திதாசர். 1892-இல் சென்னை மகாசன சபையார் கூட்டிய மாநாட்டிற்கு நீலகிரியின் சார்பாளராக அவர் சென்றார். வழக்கறிஞரும், நிலக்கிழாரும், பத்திரிகை நடத்துவோரும் நிறைந்திருந்த அவை அது. பொதுத் தெய்வங்கள் எனப்படும் சிவன், திருமால் கோயில்களில் எம்மவர்க்கு மட்டும் ஏன் இடமில்லை என்று அங்கே கேட்டார். அவையில் கூச்சல் எழுந்தது. தஞ்சைச் சார்பாளர் சிவராம சாஸ்திரி என்பார் எழுந்து, உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் உண்டு, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்குரியவரல்லர் என்னும் பொருள்பட விடையிறுத்தார். அப்படியாயின் உங்கள் தெய்வங்கள் எமக்கு வேண்டா என்றுரைத்த பண்டிதர், அத்துடன் அவையை விட்டு வெளியேறிவிடவில்லை. எம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும், ஊர்தோறும் கிடக்கும் தரிசு நிலமும் வேண்டும் எனக் கேட்டு நின்றார். அவற்றை அவை தீர்மானமாக ஏற்றது. அவமதிப்புக்குப் பின்னும் அரை நாழிகை அங்கே நின்றதால் கிடைத்த தீர்மானம் அது. நம் இளைஞர் இதனைக் கருத்தில் இருத்துக. தீர்மானம் எவ்வளவு தூரம் செயலாயிற்று என்பது வேறு கதை.

இனி மாணவராயிருக்கும்போதே அறிஞர் அவையில் நின்றவரைக் காண்போம். பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913-இல் நியூயார்க் சென்ற அம்பேத்கர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1916 மே 9 அன்று, மானிடவியலறிஞர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் தோன்றி வளர்ந்த முறையைப்பற்றி ஆய்வுரை படித்தார். அப்பொழுது அவருக்கு வயது 25. தம்மைத் தாழ்த்திய அமைப்பையே ஆராய்ச்சிப் பொருளாக்கி, அயல்நாட்டார் நடுவே அச்சமின்றி விளக்கினார். மறு ஆண்டு அவ்வுரை ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் அச்சாயிற்று.

இவ்வுரையைப் பலர் அறிவர். பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. கொலம்பியாவின் மாணவர் விடுதியில் நவல் பாத்தேனா என்னும் பார்சி மாணவரோடு அவருக்கு நட்பு ஏற்பட்டது. அது வாழ்நாள் முழுதும் நீடித்தது. பொருள் இன்மையால் இடையில் நின்ற இலண்டன் படிப்பைத் தொடர 1920-இல் அம்பேத்கர் மீண்டும் கப்பலேறியபொழுது, கடன் கொடுத்து உதவியவர்களுள் இப்பாத்தேனா முக்கியமானவர். கோயம்புத்தூரில் நண்பர் எவரும் எட்டாதபடி ஒருவர் வீட்டிற்கு விரைந்தார். நியூயார்க்கில் ஒருவர் நண்பரோடு ஒரே விடுதியில் தங்கினார். தெரு எதுவென்று அங்கே வினவுவாரில்லை என்பதே இவ்வேறுபாட்டின் காரணம்.

தாயகம் திரும்பியதும் வினவுவோர் வந்துவிட்டனர். 1917-இல் பரோடாவில் உயர்பதவி ஏற்றவருக்குத் தங்க இடமில்லை; பார்சி விடுதியிலிருந்து தடியேந்திய கூட்டத்தால் வெளியேற்றப்பட்டார். பம்பாயில் பங்கு வணிகருக்கு ஆலோசனை கூறும் நிலையம் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர் நின்றுவிட்டனர். 1918-இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஆசிரியர்களுக்கான பானையிலிருந்து அவர் நீர் அருந்துவதற்கு உடன் பணியாற்றியோர் சிலர் மறுப்புக் கூறினர். கொலம்பியாப் பட்டத்தைவிடத் தண்ணீர்ப் பானை வலிமையுடையதாயிருந்தது.

பானை என்றதும் என் மாணவப் பருவம் நினைவிற்கு வருகிறது. நானும் ஒருமுறை மதுரையில் நடந்த வணிகர் கூட்டம் ஒன்றிற்குக் கல்லூரி மாணவனாகச் சென்றவனே. ஒருவரோடும் பேசாமல், சுவரோரத்தில் நீர்ப்பானைக்கருகே அரைமணி நேரம் நின்றிருந்துவிட்டு, போடி வண்டியைப் பிடித்து ஊர் திரும்பினேன். என்னை எவரும் அவமதிக்கவில்லை. அவமதிப்பதற்கேனும் ஒருவர் அருகில் வரவேண்டுமல்லவா! பெருமைக்குரிய நிகழ்ச்சியன்று, மாணவரின் வினா என்னைச் சுட்டதற்குக் காரணம் இதுவென்பதால் எழுதுகின்றேன்.

நம் பள்ளத்தாக்கின் நிலையைச் சிறிது விரிவாகக் காணுதல் வேண்டும். 1895 அக்டோபரில் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பக்கம் திரும்பிற்று. கூடலூர் தொடங்கி வழிநெடுக இருபோக நெல் விளைந்தது. நிலமுடையோர் செழித்தனர். மேலே மலையில் ஏலத்தோட்டங்கள் பெருகின. போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தின் நடுவிடமாயிற்று. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு இருப்புப்பாதை வந்தது. தேனிச் சந்தைக்குப் பஞ்சும் தானியமும் வந்து குவிந்தன. நாற்று நட்ட கையும், களத்தில் அடித்த கையும், மலையேறிப் பழம் எடுத்த கையும் பெரும்பாலும் நம்முடையவையே. இன்றும் விடியுமுன் ஜீப் வண்டிகளில் நெருக்கி அமர்ந்து இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குச் சென்று இருட்டிய பின் திரும்பும் தாய்மார்களை நாம் காண்கின்றோம். உழைப்பாளிக்கு வெளியுலகத்தோடு இருந்த தொடர்பு ஒன்றே ஒன்று: கங்காணி. முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்து மலைக்குக் கொண்டுபோன கங்காணிக்குத் துரையையும் தெரியும், கூலியையும் தெரியும். துரைக்கும் கூலிக்கும் ஒருவரையொருவர் தெரியாது. அத்தெரியாமையே அவருடைய முதல்.

நிலமும் கடையும் உடையோரோ சங்கமாகக் கூடினர். இம்மாவட்டத்துக் கல்லூரிகளின் பெயர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் கல்லூரி. தேனியில் மேலப்பேட்டை இந்து நாடார்கள் உறவின்முறையின் கல்வி நிலையங்கள். கம்மவார் சங்கத்தின் கல்லூரிகள். உத்தமபாளையத்தில் 1956-இல் தோன்றிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி ஒரு கொடையாளர் பெயரைத் தாங்கியது. சங்கம் கூடியது, பின்னரே கல்லூரி எழுந்தது. உறவின்முறையின் வரலாறு நாம் பொறாமையின்றிக் கற்கத்தக்கது. கடைவீதியில் கைமாறும் சரக்கின்மீது ‘மகமை’ என ஒரு சிறு தொகை பிடித்து, அதனைப் பொதுநிதியாக்கி, 1889-இல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலைப் பள்ளியைத் தொடங்கினர். 1921-இல் தூத்துக்குடியில் வங்கியே தொடங்கினர். அவர்களும் ஒருகாலத்தில் கோயில் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டவரே. ஆயினும் அவர்களுக்குச் சரக்கு இருந்தது, மகமை பிடிக்க. நமக்கு இருந்தது கூலி. கூலியில் எதைப் பிடிப்பது? இந்த ஒரு வேறுபாட்டை மறந்துவிட்டு, அவர்கள் செய்ததை நீங்கள் ஏன் செய்யவில்லை என மேடையில் கேட்போர் உளர். அவர்களுக்கு வரலாறு தெரியாது என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது?

இந்நிலையில் நம்மவர்க்குப் பிடிப்பாக வந்தது அரசின் உதவியே. வைசிராய் ஆட்சிக்குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கரின் முயற்சியால் 1944-இல் மேற்படிப்பு உதவித்தொகை தோன்றிற்று. கூலிக்காரர் மகன் கல்லூரிப்படி ஏறியது அதனாலேயே. உதவித்தொகை கட்டணம் செலுத்தும், அறிமுகம் செய்துவைக்காது.

அறிமுகம் அத்துணை இன்றியமையாததோ என வினவலாம். அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் கிரானோவெட்டர் இதனை ஆராய்ந்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறர் வழியாக வேலை பெற்றோரை, வழிகாட்டியவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்து வந்தீர் என்று கேட்டார். அடிக்கடி சந்தித்தோம் என்றவர் 16.7 விழுக்காட்டினரே; எப்போதாவது என்றவர் 55.6, மிக அரிதாக என்றவர் 27.8. நெருங்கிய உறவினர் நாம் அறிந்ததையே அறிவர். அரைகுறை அறிமுகமுடையோரே நாம் அறியாததைக் கொண்டு வருவர் என்பது அவர் கண்ட முடிவு. நம் உறவினர் அனைவரும் ஒரே தெருவில், ஒரே தொழிலில் இருப்போர். நமக்குக் குறைவாயிருப்பது அந்த அரைகுறை அறிமுகமே.

அறிமுகமின்றித் தகுதியை மட்டும் தாளில் எழுதி அனுப்பினால் என்ன ஆகும் என்பதையும் சோதித்திருக்கின்றனர். சுக்தேவ் தோரட், பால் அட்வெல் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் நிறுவனங்களின் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. ஒத்த தகுதி, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிடத் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு 0.67 மடங்காகவே இருந்தது. முஸ்லிம் பெயருக்கு 0.33. அதாவது முன்கூட்டியே எவரேனும் நம்மை அறிந்திருத்தல் பிறரைவிட நமக்கே மிகுதியும் தேவை.

இதனை உணர்ந்து நம்மவரே அவைகளை அமைத்ததும் உண்டு. 1978 டிசம்பர் 6 அன்று கன்ஷிராம் முதலியோர் தில்லியில் பாம்செஃப் என்னும் ஊழியர் அமைப்பை முறையாகத் தொடங்கினர். 2005-இல் புனே நகரில் மிலிந்த் காம்ப்ளே தலித் இந்தியர் தொழில் வணிகச் சபையை நிறுவினார். 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணை, நடுவணரசு நிறுவனங்களின் கொள்முதலில் 4 விழுக்காட்டை நம்மவரும் பழங்குடியினரும் நடத்தும் சிறுதொழில்களுக்கென ஒதுக்கிற்று. தமிழ்நாடு அரசு 2023-இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுவந்து, 35 விழுக்காடு மானியமும் வட்டிச் சலுகையும் அறிவித்தது. இவை அரசாணையாக வெளிவந்தால் போதுமா? திட்ட அறிக்கை எழுதித் தருபவர் யார், எந்த வங்கிக் கிளையில் எவரைப் பார்ப்பது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இத்தகைய கூட்டங்களில்தான் தேநீர் அருந்திக்கொண்டு நிற்கின்றார்.

மாணவரிடம் இவ்வளவையும் ஒரே மாலையில் சொல்லி முடித்தேன் எனின் மிகையாகும். சீனிவாசனாரின் கதையை மட்டும் முழுதும் சொன்னேன். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராயிருந்தது, தாயகம் மீண்டு 1923-இல் சட்டமன்றம் புகுந்தது, பொதுச்சாலையும் கிணறும் சத்திரமும் அனைவர்க்கும் உரியவை என்று 1924-இல் தீர்மானம் கொணர்ந்து நிறைவேற்றியது, 1930-இல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்றது ஆகியவற்றைச் சொல்லி வந்தேன். அங்கே அரசர் ஐந்தாம் ஜார்ஜின் வரவேற்பில், தம் சாதியையும் தீண்டப்படாதவர் என்பதையும் எழுதிய அட்டையை மேற்சட்டையில் அணிந்து சென்றார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். தீண்டாமை என்பது யாதென அரசர் வினவ, தெருவில் விழுந்தவனைத் தூக்கிவிடவும் மேற்சாதியார் முன்வராமையே அது என விளக்கினார். அரசர் அதிர்ந்து அவர் கையைப் பற்றிக் குலுக்கினார். மாணவர் இதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்து, “அட்டை குத்திக்கிட்டுப் போகச் சொல்றீங்களா அய்யா?” என்றார். இல்லை, கேட்டால் மறைக்காமல் சொல் என்கிறேன். அதற்கு முன் உன் பெயரையும், நீ கற்ற கணக்கியல் மென்பொருளையும், தேடும் பயிற்சி இன்னதென்பதையும் நீயாகச் சொல் என்றேன். பானையருகே நிற்காதே என்றும் சேர்த்துச் சொன்னேன். அது ஏன் என்று அவருக்குத் தெரியாது.

சென்று வந்தார். மூன்று முகவரி அட்டைகளைக் கொண்டு வந்து என் மேசைமீது வைத்தார். ஒருவர் ஊரையும் பக்கத்தையும் வினவினாராம். இவர் அம்பேத்கர் தெரு என்றாராம். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வேறொருவரைத் தேடிப் போய்விட்டாராம். அவருடைய அட்டை அம்மூன்றில் இல்லை. மற்றொருவர் மதுரையில் தணிக்கை அலுவலகம் நடத்துபவர்; கோடை விடுமுறையில் ஒரு மாதம் பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார். மூன்றாமவர் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், நம் மாவட்டத்தவர். நம் சங்கத்தைப்பற்றி மாணவர் கூறக் கேட்டு, கடன் விண்ணப்பமும் திட்ட அறிக்கையும் எழுதும் முறையைத் தாமே வந்து கற்பிப்பதாக ஒப்புக்கொண்டுள்ளார். விழா முடிந்த அடுத்த ஞாயிறு, காலை 10 மணி, சங்கக் கட்டடத்தின் மாடி. கல்லூரி மாணவரும், சிறுதொழில் தொடங்கும் எண்ணமுடைய நம் தாய்மார்களும் குறிப்பேட்டோடு வருக.